நிலத்திலிருந்து தொடங்குங்கள்: பிரிட்டனில் வேட்டைக்கு ரைஃபிளும் ஷாட்கன்னும்

பிரிட்டனில் வேட்டைக்குத் துப்பாக்கி வாங்க நினைக்கும் பலர் முதலில் போய் நிற்கும் இடம் கடை. எந்தக் கம்பெனி, என்ன விலை, எந்த ஸ்கோப் என்றெல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் லைசென்ஸ் ஞாபகம் வருகிறது. எங்கே சுடப்போகிறோம் என்ற கேள்வி அதற்கும் பிறகு. இந்த நாட்டில் அந்த வரிசை எடுபடாது. எந்த நிலத்தில் சுட அனுமதி இருக்கிறது, அங்கே என்ன விலங்கு இருக்கிறது, அது துடிக்காமல் விழ என்ன தோட்டா வேண்டும் என்று பாருங்கள். இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால் காலிபர், அதாவது குழலும் குண்டும் எந்த விட்டம் என்பது, தானாக முடிவாகும். காலிபர் முடிவானால் விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்பதும் தெளிவாகிவிடும். கடைக்குப் போவது கடைசி வேலை.

இங்கே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும்தான். வட அயர்லாந்தின் சட்டம் தனி.

இரண்டு சான்றிதழ்கள், இரண்டு அணுகுமுறைகள்

1968ஆம் ஆண்டின் ஃபயர்ஆர்ம்ஸ் சட்டம்தான் இன்றும் அடிப்படை. ரவைகளைச் சிதறவிடும் ஷாட்கன்னுக்கு ஒரு சான்றிதழ் (ஷாட்கன் சர்டிபிகேட்); பேச்சுவழக்கில் எஸ்.ஜி.சி. ஒற்றைக் குண்டைச் சுழற்றி அனுப்பும் ரைஃபிளுக்கு இன்னொன்று (ஃபயர்ஆர்ம் சர்டிபிகேட்), அது எஃப்.ஏ.சி. இரண்டும் 5 ஆண்டுகள் செல்லும். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் இரண்டின் அடிப்படையும் வேறு.

ஷாட்கன் சான்றிதழைப் பொறுத்தவரை, மறுப்பதற்குக் காரணம் காட்ட வேண்டியது காவல்துறை. பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தில்லை, துப்பாக்கி வைத்திருக்க நியாயமான காரணம் உண்டு என்றால் கொடுத்தாக வேண்டும். கிடைத்துவிட்டால் ஒரே சான்றிதழில் எத்தனை ஷாட்கன் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பூட்டி வைக்க இடம் இருந்தால் போதும். எஃப்.ஏ.சி. அப்படியல்ல. ஒவ்வொரு ரைஃபிளுக்கும் தனித்தனியாகக் காரணம் நிரூபிக்க வேண்டியது விண்ணப்பிப்பவர். '.22 எல்.ஆர். ஒன்று, .243 ஒன்று' என்று காலிபர் வாரியாக (எண்கள் அங்குலத்தில்) சான்றிதழில் இடம் ஒதுக்குவார்கள். இந்த இடத்தைத்தான் ஸ்லாட் என்கிறார்கள். ஸ்லாட் இல்லாத காலிபரைக் கடைக்காரர் கையில் எடுத்துக் கொடுக்கவே முடியாது. ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வாங்கலாம், எத்தனை வைத்திருக்கலாம் என்பதும் அதிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

எது ஷாட்கன் என்பதிலும் சட்டம் கறார். குழலின் உள்பக்கம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். நீளம் 24 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அடுத்த தோட்டாக்களை வைக்கும் மேகசின் இருந்தால் அது கழற்ற முடியாததாக, 2 கார்ட்ரிட்ஜுக்கு (ஷாட்கன் தோட்டா) மேல் கொள்ளாததாக இருக்க வேண்டும். குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில் ஒன்று, மேகசினில் இரண்டு, ஆக மூன்று. அதற்கு மேல் கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறும்) ஷாட்கன்னுக்கு எஃப்.ஏ.சி. வேண்டும். கார்ட்ரிட்ஜும் அப்படித்தான். உள்ளே 5 ரவைக்குக் குறைவாக இருந்தால், உதாரணமாக ஒற்றைக் குண்டு போட்டதாக இருந்தால், அது எஃப்.ஏ.சி. சமாச்சாரம்.

ரைஃபிளில் செமி ஆட்டோமேட்டிக் என்றால் .22 ரிம்ஃபயர் (விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் சிறு தோட்டா) மட்டுமே. 1987 ஹங்கர்ஃபோர்டு படுகொலைக்குப் பிறகு வந்த 1988 திருத்தச் சட்டம் மற்றவற்றைத் தடை செய்துவிட்டது. விலக்கு .22க்கு மட்டும் என்பதால் .17 எச்.எம்.ஆர். என்ற இன்னும் சிறிய ரிம்ஃபயரின் செமி ஆட்டோமேட்டிக்கும் தடைக்குள் வருகிறது. வெளிநாட்டு வீடியோ பார்த்து அதைத் தேடுபவர்கள் கவனிக்க வேண்டும். வேட்டைக்கு, ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் போதும். ஒரு குண்டில் முடிய வேண்டிய வேலைக்கு வேகமான இரண்டாவது குண்டு தேவையில்லை.

நிலமும் விலங்கும்

எஃப்.ஏ.சி. விண்ணப்பத்தின் உயிர்நாடி நிலம்தான். நில உரிமையாளர் அல்லது வேட்டை உரிமை வைத்திருப்பவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் வேண்டும். அதில் நிலத்தின் முகவரி, பரப்பு, எந்தெந்த விலங்குகளைச் சுடலாம், எந்தத் தேதி வரை என்பவை இருக்கட்டும். 'என் தோட்டத்தில் இவர் சுடலாம்' என்ற ஒற்றை வரிக் கடிதம் விசாரணையை இழுத்தடிக்கத்தான் உதவும். எல்லை குறித்த வரைபடம் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் வேலை பாதி முடிந்தது.

முதன்முறை விண்ணப்பிப்பவர்களுக்குப் பெரும்பாலும் 'மூடிய' சான்றிதழ்தான் வரும். காவல்துறை சரிபார்த்து, அந்தக் காலிபருக்கு ஏற்றது என்று சொன்ன நிலத்தில் மட்டுமே சுடலாம். அனுபவம் சேர்ந்த பிறகு 'திறந்த' சான்றிதழ் கேட்கலாம். அப்போது நிலத்தின் தகுதியைத் தீர்மானிக்கும் பொறுப்பு சுடுபவர் தலையில் வந்துவிடும். தகுதி என்று பார்ப்பது முக்கியமாக ஒன்றைத்தான்: குண்டு போய்ப் புதைய விலங்குக்குப் பின்னால் மண் இருக்கிறதா? சரிவான மேய்ச்சல் நிலம், பள்ளத்தாக்கு, மேட்டின் அடிவாரம் நல்லவை. நடைபாதைகள் குறுக்கும் நெடுக்கும் போகும் தட்டை வயலில் .308 கேட்டால் அதிகாரி யோசிப்பது நியாயம். தட்டை நிலமாக இருந்தும் மான் இருக்கிறது என்றால், மர ஏணி இருக்கை போட்டு மேலிருந்து கீழே சுடும் ஏற்பாட்டை எழுதிக் காட்டுங்கள், அது எடுபடும்.

விலங்கைப் பற்றிச் சொல்லும்போது எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். மானுக்கென்று வாங்கிய ரைஃபிளால் நரி சுடலாமா என்பது சான்றிதழில் எழுதியிருக்கும் நிபந்தனையைப் பொறுத்தது. 'சட்டப்படி சுடக்கூடிய மற்ற விலங்குகளும்' என்ற நிபந்தனையைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கிவிட்டால் பிற்பாடு தலைவலி இல்லை.

மானுக்குச் சட்டம் சொல்லும் எண்கள்

முயலுக்கும் நரிக்கும் குறைந்தபட்சக் காலிபர் என்று சட்டத்தில் எதுவும் இல்லை. மானுக்கு உண்டு. பிரிட்டனில் ஆறு வகை மான்கள் காடுகளில் திரிகின்றன: ரெட், ரோ, ஃபாலோ, சிகா, முன்ட்ஜாக், சீன நீர்மான். நம் ஊர்க் கேளையாட்டின் சீனத்து உறவினர்தான் இங்குள்ள முன்ட்ஜாக்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1991 மான் சட்டப்படி காலிபர் .240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குண்டு குழல்வாயை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்குக் குறையக் கூடாது. முன்ட்ஜாக், சீன நீர்மான் இரண்டுக்கு மட்டும் சலுகை: குறைந்தது .220 காலிபர், 1,000 அடி-பவுண்டு, 50 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு. குண்டு எதுவானாலும் மென்மூக்கு அல்லது குழிமூக்கு உள்ளதாக, பட்டதும் விரிவதாக இருக்க வேண்டும். ராணுவ பாணியில் முழு உலோக உறை போட்டது மானுக்கு ஆகாது. உள்ளே ஊசித்துளை போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடும், மான் மணிக்கணக்கில் ஓடிச் சாகும்.

ஸ்காட்லாந்தில் கணக்கு வேறு. ரோ மானுக்குக் குறைந்தது 50 கிரெயின் குண்டு, வினாடிக்கு 2,450 அடி வேகம், 1,000 அடி-பவுண்டு. மற்ற மான்களுக்கு அதே 2,450 அடி வேகம், 1,750 அடி-பவுண்டு, 80 கிரெயின். இந்த 80 என்பது 2023 நவம்பர் வரை 100ஆக இருந்தது. ஈயம் இல்லாத செம்புக் குண்டுகள் எடை குறைந்தவை என்பதால் இறக்கினார்கள்.

இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. .223 ரைஃபிளால் ஸ்காட்லாந்தில் ரோ மான் சுடலாம். அதே ரைஃபிள், அதே தோட்டா, அதே ரோ மான். எல்லை தாண்டி இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்துக்குள் வந்துவிட்டால் குற்றம். எல்லையின் இரண்டு பக்கமும் நிலம் வைத்திருப்பவர்கள் .243க்குக் கீழே யோசிக்கவே வேண்டாம்.

.243 வின்செஸ்டர் ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்பது இதிலிருந்தே புரியும். .240 கோட்டை மயிரிழையில் தாண்டுகிறது, உதை குறைவு, நரி முதல் ரெட் மான் வரை எல்லாவற்றுக்கும் செல்லும். ஆனால் அந்த மயிரிழையை மறக்கக் கூடாது. கணக்கைப் போட்டே பார்ப்போம். குண்டின் எடையை கிரெயினிலும் வேகத்தை வினாடிக்கு அடியிலும் எடுத்து, எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 450,240ஆல் வகுத்தால் ஆற்றல் அடி-பவுண்டில் வரும். 100 கிரெயின் குண்டு, பெட்டியில் போட்டிருக்கும் வேகம் 2,960 என்றால் ஆற்றல் 1,946. தாராளம். ஆனால் பெட்டியில் உள்ள எண் 24 அங்குலச் சோதனைக் குழலில் எடுத்தது. கடையில் இப்போது அதிகம் விற்பது சைலன்சர் மாட்ட வசதியான 18, 20 அங்குலக் குழல்கள். ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 25 அடி வேகம் குறைகிறது என்று வைத்தால், 18 அங்குலத்தில் 2,810. ஆற்றல் 1,754. ஸ்காட்லாந்தின் 1,750ஐ நாலே அடி-பவுண்டில் தாண்டுகிறது. அந்தத் தோட்டா பெட்டியில் போட்டதைவிடக் கொஞ்சம் மந்தமாக இருந்து 2,700தான் வந்தது என்றால் ஆற்றல் 1,619, இங்கிலாந்திலும் சட்டவிரோதம்.

ஆகவே .243 வாங்கினால் குழல் 22 அங்குலத்துக்குக் குறையாமல் பாருங்கள். குட்டைக் குழல்தான் வேண்டும் என்றால் 6.5 கிரீட்மோர் அல்லது .308க்குப் போய்விடுங்கள். அவற்றில் ஆற்றல் கையிருப்பு அதிகம். 140 கிரெயின் குண்டு 2,700 வேகத்தில் போனாலே 2,267 அடி-பவுண்டு. எதை வாங்கினாலும் குரோனோகிராஃப் ஒன்றை இரவல் வாங்கியாவது உங்கள் குழலில், உங்கள் தோட்டாவின் வேகத்தை அளந்துவிடுங்கள். நீதிமன்றத்தில் பெட்டியின் எண் பேசாது, உங்கள் துப்பாக்கிதான் பேசும்.

செம்புக்கு மாறுவது

2025 ஜூலையில் அரசு அறிவித்தபடி 2029க்குள் வேட்டையில் ஈய ரவையும், .243உம் அதற்கு மேலுமான காலிபர்களின் ஈயக் குண்டுகளும் முடிவுக்கு வருகின்றன. ரிம்ஃபயர், ஏர் ரைஃபிள் குண்டுகளுக்கு விலக்கு உண்டு. இன்று ரைஃபிள் வாங்குபவர் அதை இருபது வருடம் வைத்திருப்பார். ஈயத்தை மனதில் வைத்துத் தேர்ந்தெடுப்பது முன்யோசனை இல்லாத வேலை.

இங்கே பார்க்க வேண்டியது குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய வரிகளின் முறுக்கு. செம்பு ஈயத்தைவிட லேசு என்பதால் ஒரே எடையில் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். நீளமான குண்டு நிலையாகச் சுழல வேகமான முறுக்கு வேண்டும். .243 ரைஃபிள்களில் பொதுவாக இருப்பது 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதில் 100 கிரெயின் ஈயக் குண்டு நன்றாகப் போகும். நீளமான செம்புக் குண்டு தள்ளாடி, காகிதக் குறியில் வட்டத் துளைக்குப் பதில் நீள்துளை போடும். அப்படிப் பார்த்தால் அந்தத் தோட்டாவை ஒதுக்கிவிட்டு 80 கிரெயின் பக்கம் வாருங்கள். 80 கிரெயினில் இங்கிலாந்தின் 1,700ஐத் தொட வேகம் 3,093 வேண்டும், ஸ்காட்லாந்தின் 1,750க்கு 3,138. நல்ல தோட்டாக்கள் இதைத் தாண்டிவிடுகின்றன. இங்கேயும் குட்டைக் குழல்தான் காலை வாரும். .223 எடுப்பவர்கள் 12க்கு ஒன்று முறுக்குள்ள பழைய குழல்களைத் தவிர்த்து 8 அல்லது 9க்கு ஒன்று என்று தேடுங்கள்.

சின்ன ரைஃபிள்கள்

முயலுக்கு .22 எல்.ஆர். இன்றும் அரசன். ஒலியின் வேகத்தைத் தாண்டாத 40 கிரெயின் சப்சானிக் தோட்டாவும் சைலன்சரும் சேர்ந்தால் பக்கத்து முயல் தலை நிமிர்த்துவதோடு சரி. 60, 70 மீட்டர் வரை நம்பலாம். அதன் பெரிய குறை, தெறிப்பு. மெதுவாகப் போகும் கனமான ஈயக் குண்டு தண்ணீரிலும், உறைந்த மண்ணிலும், தெற்கு இங்கிலாந்து வயல்களில் கிடக்கும் சிக்கிமுக்கிக் கற்களிலும் பட்டு எகிறிப் போகும். பெட்டியின் மேலேயே ஒன்றரை மைல் வரை அபாயம் என்று அச்சடித்திருக்கும். அது சும்மா போட்டதல்ல.

.17 எச்.எம்.ஆர். வேறு குணம். 17 கிரெயின் குண்டு 2,550 அடி வேகத்தில் போய்ப் பட்ட இடத்திலேயே சிதறுவதால் தெறிப்பு மிகக் குறைவு. 140 மீட்டர் வரை முயலுக்குப் போதும். காற்றுக்கு மட்டும் ரொம்பப் பணியும். பலமான பக்கக் காற்றில் தலையைக் குறிவைத்தால் தாடையில் படும். அப்படிப்பட்ட நாளில் தூரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லை வீட்டுக்குத் திரும்புங்கள்.

நரிக்கு .223 சரியான அளவு. 55 கிரெயின், 3,240 வேகம், 1,282 அடி-பவுண்டு. முன்ட்ஜாக்குக்கும் சட்டப்படி போதும். நரியும் முன்ட்ஜாக்கும் மட்டுமே உள்ள நிலத்துக்கு இதைவிடப் பெரிதாகக் கேட்பதில் பொருளில்லை.

சைலன்சரும் எஃப்.ஏ.சி.யில் தனி ஸ்லாட் கேட்கும் பொருள். அந்தக் கட்டுப்பாட்டை நீக்கப்போவதாக உள்துறை அறிவித்திருக்கிறது. சட்டம் மாறும்வரை ரைஃபிளோடு சேர்த்தே அதற்கும் விண்ணப்பியுங்கள். மறந்துவிட்டுப் பிறகு கேட்டால் திருத்தக் கட்டணமும் காத்திருப்பும் மறுபடி. வாங்கும்போது குழல்வாய்த் திருகின் அளவைக் கேளுங்கள்: ரிம்ஃபயரில் பெரும்பாலும் அரை அங்குலம்-20 (அங்குலத்துக்கு 20 மரை), பெரிய ரைஃபிள்களில் 14×1, 15×1 மில்லிமீட்டர், எட்டில் ஐந்து அங்குலம்-24 என்று பலவகை. பொருந்தாததைத் திருகினால் மரை போய், குண்டு சைலன்சரின் உட்தகட்டில் உரசும். வேட்டை முடிந்ததும் சைலன்சரைக் கழற்றித் தனியாகக் காய வையுங்கள். மாட்டியபடியே அலமாரியில் வைத்தால் உள்ளே தங்கிய ஈரம் குழல்வாயைத் தின்றுவிடும். ரைஃபிளின் துல்லியம் போனதன் காரணத்தை ஸ்கோப்பில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஷாட்கன்

புறா, ஃபெசன்ட், கவுதாரி, வாத்து என்று பறப்பவற்றுக்கெல்லாம் ஷாட்கன்தான். மானுக்கு மிகக் குறுகிய விதிவிலக்குகளைத் தவிர அதைத் தொடவே கூடாது. ஒரே ஒன்று வாங்குவதென்றால் 12 போர் (குழலின் அகல அளவு; எண் கூடினால் குழல் சிறிது), மேல்-கீழ் இரட்டைக் குழல், 28 அல்லது 30 அங்குலம், மாற்றக்கூடிய சோக் (ரவை சிதறும் அகலத்தைக் கட்டுப்படுத்தும் குழல்வாய்க் குறுக்கம்). எடை மூன்றரைக் கிலோவுக்குள். உடல்வாகு சிறியவர்களுக்கு 20 போர் பொருந்தும். துப்பாக்கி லேசானால் உதை கூடும் என்பதால் கார்ட்ரிட்ஜையும் லேசாக்க வேண்டும்.

பிராண்டைவிட முக்கியம், கட்டை உங்கள் தோளுக்கும் கன்னத்துக்கும் பொருந்துவது. ஷாட்கன்னுக்குப் பின்குறி கிடையாது. உங்கள் கண்தான் பின்குறி. கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றுங்கள், பிறகு திறங்கள். குழலின் மேற்பட்டை முழுதும் நீளமாகத் தெரிந்தால் கட்டை உயரம். முன்மணியே தெரியாமல் பின்பகுதி மறைத்தால் தாழ்வு. வலது தோள்காரருக்கு இடது கண் ஆதிக்கம் இருந்தால் எல்லாமே இடதுபக்கம் தள்ளிப்போகும்; வாங்கும் முன்பே பயிற்சியாளரிடம் சோதித்துக்கொள்ளுங்கள். களிமண் தட்டு சுடும் மைதானங்களில் சான்றிதழ் இல்லாமலே மைதானத் துப்பாக்கியில் சுட்டுப் பார்க்கலாம். 2017 சட்டத்துக்குப் பிறகு, தனியார் நிலத்தில் சான்றிதழ் வைத்திருப்பவர் கூடவே இருந்தால் அவருடைய ஷாட்கன்னையோ ரைஃபிளையோ இரவல் வாங்கி வேட்டையாடவும் இடமுண்டு. இரவல் கொடுப்பவருக்கு அந்த நிலத்தில் வேட்டைக்கு ஆளை அனுமதிக்கும் உரிமையோ அதற்கான எழுத்து அதிகாரமோ வேண்டும். ரைஃபிளுக்கு இரவல் வாங்குபவர் 17 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும்.

பழைய துப்பாக்கி வாங்கினால் குழலைக் கழற்றி, அடிக்கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு நகத்தால் தட்டுங்கள். வெண்கல மணிபோல நீண்டு ஒலித்தால் மேற்பட்டையின் பற்றவைப்பு உறுதி. மொத்தென்று கேட்டால் எங்கோ விட்டிருக்கிறது. பிறகு குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே ஓடும் நிழல் வளையங்களைப் பாருங்கள். வளையம் ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே பள்ளம். கடைசியாக முன்கட்டையைக் கழற்றிவிட்டு மூடி, மெல்ல ஆட்டுங்கள். லொடலொடத்தால் கீல் தேய்ந்திருக்கிறது. சரிசெய்யும் செலவு துப்பாக்கியின் விலையை எட்டலாம்.

குழலின் அடியில் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரை இருக்கும். வெளிநாட்டுத் துப்பாக்கியில் அந்நாட்டு முத்திரை. அறையின் நீளமும் அங்கேயே: 65, 70 அல்லது 76 மில்லிமீட்டர். கார்ட்ரிட்ஜின் நீளம் என்று அச்சிட்டிருப்பது சுட்டு விரிந்த பிறகான நீளம். அதனால் 76 கார்ட்ரிட்ஜ் சுடும் முன் 70 அறைக்குள் சமர்த்தாக உட்கார்ந்துவிடும். சுட்டதும் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். உள்ளே போகிறதே என்பது பொருந்துகிறது என்பதற்குச் சான்றல்ல.

இரும்பு ரவைக்கும் முத்திரை பார்க்க வேண்டும். லில்லிப்பூ முத்திரை இருந்தால் அதிக அழுத்த இரும்பு ரவை கார்ட்ரிட்ஜ்களைச் சுடலாம். ரவை 4 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் சோக் பாதிக்கு மேல் வேண்டாம். அந்த முத்திரை இல்லாத, ஆனால் நைட்ரோ (புகையில்லா வெடிமருந்து) சோதனை முடிந்த நல்ல துப்பாக்கியில் சாதாரண இரும்பு ரவை மட்டும், அதுவும் திறந்த சோக்கில். தாத்தா காலத்தில் உலோகப் பட்டைகளை முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழலில் இரும்பே கூடாது. இரும்பு லேசு என்பதால் ஈயத்தில் 6ஆம் எண் ரவை போட்ட இடத்தில் இரண்டு அளவு பெரிதாக 4 போடுங்கள் (எண் குறைந்தால் ரவை பெரிது), தூரத்தையும் 35 மீட்டருக்குள் வையுங்கள். இங்கிலாந்தில் வாத்துக்கு ஈயம் 1999 முதலே தடை.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. 20 போர் கார்ட்ரிட்ஜ் 12 போர் அறைக்குள் வழுக்கி இறங்கி, குழலில் கொஞ்ச தூரம் போய்ச் சிக்கிக்கொள்ளும். விசையை இழுத்தால் வெடிக்காது. திறந்து பார்த்தால் அறை காலி. 'போட மறந்துவிட்டேன்' என்று 12 போர் ஒன்றை வைத்துச் சுட்டால் இரண்டும் சேர்ந்து குழல் கிழியும், முன்கை அங்கேதான் இருக்கும். 20 போர் கார்ட்ரிட்ஜ்களைப் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். ஒரே வீட்டில் இரண்டு போரும் இருந்தால் பையைத் தனித்தனியாக வையுங்கள்; எல்லாவற்றையும் கலந்து போட்ட கோட்டுப் பை ஆபத்து.

புறாவும் காகமும் பொது லைசென்ஸின் கீழ் வருபவை. இங்கிலாந்தில் பயிர்ச்சேதத்துக்கு ஜி.எல்.42 என்ற ஆவணம். விண்ணப்பிக்கத் தேவையில்லை, படித்து அதன் நிபந்தனைப்படி நடக்க வேண்டும். ஃபெசன்ட் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை, கவுதாரி செப்டம்பர் 1 முதல் அதே பிப்ரவரி 1 வரை, குரூஸ் என்ற காட்டுப் பறவை ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை.

விண்ணப்பம்

படிவம் 201. உள்ளூர்க் காவல் படையின் இணையதளத்தில் நிரப்பலாம். 2025 பிப்ரவரிக்குப் பிறகு புதிய எஃப்.ஏ.சி. கட்டணம் £198, எஸ்.ஜி.சி. £194, புதுப்பிக்க முறையே £131, £126. நற்சான்று சொல்ல இருவர் வேண்டும். இரண்டு ஆண்டுகளாவது உங்களை அறிந்தவர்கள். குடும்பத்தார், போலீஸ்காரர், துப்பாக்கி வியாபாரி ஆகாது. ஷாட்கன்னுக்கு ஒருவர் போதும் என்றிருந்த விதி 2025 ஆகஸ்டில் மாறிவிட்டது.

மருத்துவர் படிவம்தான் பலருக்குத் தாமதம். 2021 ஆகஸ்டில் பிளிமவுத் நகரின் கீஹாம் பகுதியில், சான்றிதழோடு ஷாட்கன் வைத்திருந்த ஒருவர் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார். அவரிடமிருந்து எடுத்துவைத்த துப்பாக்கியைக் காவல்துறையே திருப்பிக் கொடுத்திருந்தது. அந்த ஆண்டு நவம்பர் முதல் ஜி.பி. (குடும்ப மருத்துவர்) நிரப்பிய உடல்நலத் தகவல் இல்லாமல் சான்றிதழே இல்லை. மருத்துவர் இதற்குத் தனிக்கட்டணம் வாங்குவார். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டதை மறைக்காதீர்கள். சிகிச்சை எடுத்துச் சரியானவர்களுக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. மறைத்தது தெரிந்தால் அதுவே மறுப்புக்குக் காரணம், பொய்த்தகவல் குற்றமும்கூட. பழைய தண்டனைகளும் அப்படியே. மற்ற இடங்களில் 'காலாவதியானது' என்று விட்டுவிடக்கூடிய தண்டனையும் இங்கே எழுதியாக வேண்டும். வேகமாகக் கார் ஓட்டிக் கட்டிய அபராதம் உட்பட. மூன்று மாதம் முதல் மூன்று வருடத்துக்குக் கீழ் சிறை என்றால் 5 ஆண்டுத் தடை, மூன்று வருடமோ அதற்கு மேலோ என்றால் ஆயுள்தடை.

அடுத்து வீட்டுக்கு அதிகாரி வருவார். அவர் பார்ப்பது ஆளை, பிறகு அலமாரியை. அலமாரி பி.எஸ். 7558 என்ற பிரிட்டிஷ் தரத்தில் இருக்கட்டும். செங்கல் சுவரில் விரிவு போல்ட் அடித்து, ஜன்னல் வழியே தெரியாத இடத்தில் மாட்டுங்கள். பிளாஸ்டர் பலகைச் சுவரில் மாட்டியதை ஏற்க மாட்டார்கள். வாங்கும்போது உள்அளவைப் பாருங்கள்: 22 அங்குலக் குழலில் சைலன்சர் மாட்டினால் உயரம் இடிக்கும், ஸ்கோப் பூட்டிய ரைஃபிளுக்கு ஆழம் போதாது. ஐந்து துப்பாக்கி அலமாரி என்று விற்பது ஸ்கோப் வைத்தால் மூன்றுக்குத்தான் காணும். எஃப்.ஏ.சி. தோட்டாக்களுக்குத் தனிப் பூட்டறை வேண்டும். சாவி எங்கே என்பது சான்றிதழ் இல்லாத யாருக்கும், மனைவிக்கோ கணவருக்கோகூட, தெரியக் கூடாது. இந்தக் கேள்விக்குச் சமையலறை டிராயரைக் கைகாட்டினால் நேர்காணல் அங்கேயே சறுக்கும். எண்பூட்டு வைத்த சாவிப்பெட்டி நல்ல வழி.

மான் வேட்டைக்குப் புதியவர்கள் டி.எஸ்.சி. (மான் வேட்டைச் சான்றிதழ்) முதல் நிலைப் பயிற்சி எடுத்துக்கொள்வது நல்லது. சட்டப்படி கட்டாயமில்லை, இனங்களை அடையாளம் காணவும், பாதுகாப்பாகச் சுடவும், இறைச்சியைச் சுத்தமாகக் கையாளவும் கற்றவர் என்று அதிகாரிக்கு அது சொல்லும். பி.ஏ.எஸ்.சி. போன்ற வேட்டைக்காரர் சங்கத்தில் சேர்ந்தால் மூன்றாம் நபர் காப்பீடும் கிடைக்கும். பல நில உரிமையாளர்கள் அதைப் பார்க்காமல் அனுமதியே தருவதில்லை.

சான்றிதழ் கைக்கு வந்ததும் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். காலிபர், தோட்டா எண்ணிக்கை, சைலன்சர், நிபந்தனைகள் எல்லாம் கேட்டபடி இருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். வாங்கினாலும் விற்றாலும் 7 நாளுக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு ரைஃபிளைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை எடுக்கும் மாற்றத்துக்கு, எண்ணிக்கை கூடாதவரை கட்டணமில்லை. ஆனால் புதிய காலிபரின் ஸ்லாட் சான்றிதழில் ஏறும்வரை அது கடையிலேயே இருக்கட்டும்.

புதுப்பிக்கும் தேதியைப் போலீஸ் நினைவூட்டும் என்று காத்திருக்க வேண்டாம். காலாவதிக்கு 8 வாரம் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருந்தால், அவர்கள் தாமதித்தாலும் சான்றிதழ் தானாக 8 வாரம் நீளும். அதற்கும் பிந்திச் சேர்ந்தால் அந்த நீட்டிப்பு இல்லை. காலாவதிக்கு மறுநாள் துப்பாக்கி உங்கள் அலமாரியில் இருப்பதே குற்றம். அப்படி ஒரு நிலை வரும்போல் தெரிந்தால் முன்கூட்டியே காவல்துறையிடம் தற்காலிகப் பர்மிட் கேளுங்கள், அல்லது பதிவுபெற்ற வியாபாரியிடம் ஒப்படைத்து ரசீது வாங்கி வையுங்கள்.